நுவாங், தஹான் மலை ஏறுறவங்களுக்கு பட்ஜெட்ல எஸ்ஓஎஸ் கருவி (ஆபத்துல உதவி கூப்பிடுற கருவி) எது வாங்கலாம்?

செந்தூல்_கலை:

வணக்கம் எல்லாருக்கும். மொதல்லயே சொல்லிடுறேன், நான் மலை ஏறுற ஆள் இல்ல, புரோகா ஏறினதுக்கே முட்டி போச்சு. வீட்டுக்காரருக்குதான் இந்தப் பைத்தியம். ஆபீஸ் ஆளுங்களோட சும்மா ஆரம்பிச்சது, இப்ப லீவுன்னா நுவாங், இல்லன்னா உலு சிலாங்கூர் பக்கம் ஏதாவது ஒரு காடு, அடுத்த வருஷம் மெராப்போ வழியா தஹான் போறோம்னு இப்பவே பேக் வாங்கி வச்சாச்சு. விடியக்காலைல பங்சூன்ல காடியைப் போட்டுட்டு "ஏறுறேன்"னு ஒரு மெசேஜ் வரும், அதோட சரி, பொழுது சாயுற வரைக்கும் நான் அனுப்புறது எல்லாமே ஒத்த டிக்ல நிக்கும். நுவாங்குக்கே இப்படின்னா தஹான்ல மூணு நாலு நாள் லைனே கிடைக்காதாமே.

அதனால அவருக்கு ஏதாவது ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு தேடினேன். ஆன்லைன்ல ஜிபிஎஸ் டிராக்கர்னு 89 வெள்ளிக்கு இருக்கு, "உலகம் முழுக்க வேலை செய்யும்"னு போட்டிருக்கான். தம்பி என்னடான்னா ஏர்டேக் போதும்கா, பேக்குல போட்டு விடுங்கிறான். இன்னொரு பக்கம் 2,000 வெள்ளிக்கு ஒரு சாமான், அதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டணுமாம். என் பட்ஜெட் 600, ரொம்ப இழுத்தா 800. இந்த விலைக்கு உருப்படியா ஏதாவது கிடைக்குமா, இல்ல நான் சும்மா கெடக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காஜாங்_சாத்தே:

5 வெள்ளிக்கு விசில் வாங்கிக் குடுங்க அக்கா. பேட்டரி வேணாம், பிளான் வேணாம், மழைல நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது 😂 சும்மா சொல்லல, நெஜமாவே பேக் வார்ல ஒண்ணு தொங்கணும். தொண்டை கட்டிப்போனா கத்த முடியாது, ஊத முடியும்.

ஆயர்ஈத்தாம்_அண்ணாச்சி:

தங்கச்சி, மொதல்ல அந்த 89 வெள்ளி சாமான வாங்காதீங்க. அது காடி, மோட்டார் திருடு போனா கண்டுபிடிக்கறதுக்கு வச்சது. ஜிபிஎஸ்ங்கறது மேல இருந்து வர்ற சிக்னல வாங்கி "நான் இந்த இடத்துல இருக்கேன்"னு தனக்குத்தானே தெரிஞ்சுக்கும், அவ்ளோதான், அத செந்தூல்ல இருக்க உங்களுக்கு வந்து சொல்ற வேலைய ஜிபிஎஸ் செய்யாது. அதுக்கு வேற வழி வேணும், அந்த டிராக்கர்ல அந்த வழி உள்ள இருக்க சிம் கார்டு. ஹேண்ட்போனுக்கு லைன் இல்லாத எடத்துல அதுக்கும் லைன் இல்ல. ஏர்டேக் இன்னும் மோசம், பக்கத்துல யாராவது ஐபோன் வச்சிருந்தாதான் அது இருக்க எடம் தெரியும், நுவாங் மேல உங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துல யாரு இருக்கா, குரங்குகிட்ட ஐபோனா இருக்கு.

காட்டுக்குன்னா நேரா சாட்டிலைட்டோட பேசுற சாமான்தான். அதுல ரெண்டு சாதி.

ஒண்ணு பிஎல்பி. கைக்குள்ள அடங்குற மஞ்சள் டப்பா, உள்ள மடிச்சு வச்ச ஏரியல். வேற எந்த வேலையும் செய்யாது, உசுருக்கு ஆபத்துன்னா ஏரியல நிமித்தி பட்டனை அழுத்தணும், 406 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 50 செகண்டுக்கு ஒரு தடவ "நான் இன்ன ஆள், இன்ன எடம்"னு மேல அனுப்பிக்கிட்டே இருக்கும். இந்த சிக்னல மேல கேக்கறது கோஸ்பாஸ்-சார்சாட்னு ஒரு அமைப்பு, அமெரிக்கா, ரஷ்யா, கனடா, பிரான்ஸ் சேந்து ஆரம்பிச்சது, பனிப்போர் நேரத்துலயே 1982லேர்ந்து ஓடுது, கப்பல், ஏரோப்ளேன் எல்லாத்துக்கும் இதேதான். அரசாங்கங்கள் நடத்துறதால மாசக் காசு கிடையாது, ஒரு சென் கூட. பேட்டரி மாடலைப் பொறுத்து 5 இல்ல 7 வருஷம் தாங்கும், ஆன் பண்ணினா கொறஞ்சது 24 மணி நேரம் கத்தும்.

ரெண்டாவது சாட்டிலைட் மெசஞ்சர், கார்மின் இன்ரீச், சோலியோ இந்த மாதிரி. இது தனியார் சாட்டிலைட், இரிடியம்னு ஒரு கம்பெனி, 66 சாட்டிலைட் பூமியச் சுத்திக்கிட்டே இருக்கு. எஸ்ஓஎஸ் பட்டனும் உண்டு, அதோட "முகாம் வந்து சேந்துட்டேன்"னு மெசேஜ் போடலாம், நீங்க வீட்டுலேர்ந்து பதில் போடலாம், மேப்புல புள்ளி புள்ளியா அவர் போற வழி தெரியும். ஆனா பிளான் கட்டணும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு தங்கச்சி. அவருக்கு ஏதாவது ஆனா ஆள் வரணுமா, இல்ல ஒண்ணும் ஆகலன்னு உங்களுக்குத் தெரியணுமா? மொதல் கேள்விக்கு பிஎல்பி போதும். ரெண்டாவதுக்கு பிஎல்பி எதுவுமே செய்யாது, பட்டன் அழுத்துற வரைக்கும் அது ஊமை, நீங்க அதே ஒத்த டிக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நீங்க எழுதினதப் படிச்சா உங்களுக்கு வேணும்னு தோணுறது ரெண்டாவதுதான்.

பத்துமலை_ரேடியோ:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. விலை பத்தி நான் கொஞ்சம் சேத்துக்கறேன், ஏன்னா "பிஎல்பி விலை, மெசஞ்சர் மலிவு"ன்னு நெறைய பேரு தப்பா கணக்கு போடுறாங்க. இன்ரீச் மினி 2 வந்தப்ப அமெரிக்கால 400 டாலர். பிளான் மாசம் 15 டாலர்னு வச்சாலே 5 வருஷத்துக்கு 900 டாலர், சாமான் விலையையும் சேத்தா 1,300. பிஎல்பி 300லேர்ந்து 400 டாலர்குள்ள வரும், அதோட முடிஞ்சது. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவதான் காட்டுக்குப் போற ஆளுக்கு பிஎல்பிதான் மலிவு, இதுல பேச்சே இல்ல. இந்த ரெண்டுல எது எடுத்தாலும் நம்ம காசுல ஆயிரத்துக்கு மேலதான்கா, 600க்குப் புதுசா, நம்பி எடுத்துட்டுப் போற மாதிரி எதுவும் இல்ல, அந்த விலைக்கு யாராவது வித்தா மொதல்ல சந்தேகப்படுங்க.

அடுத்தது நம்ம காடு. இந்தச் சாமானுங்கள பத்தி யூடியூப்ல பேசுறவன் எல்லாம் மொட்டப் பாறை மேல நின்னு காட்டுவான், மேல முழுக்க வானம், மெசேஜ் டக்குன்னு போகும். நம்ம காட்டுல மேல இலை மூடிக்கிடக்கு, அதுவும் மழை பெஞ்சு இலை ஈரமா இருந்தா இன்னும் மோசம். இன்ரீச் பேசுறது 1.6 கிகாஹெர்ட்ஸ்ல, பவர் கம்மி, மரத்தடில உக்காந்து அனுப்பினா பத்து இருபது நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கும். பிஎல்பி 5 வாட்ல 406 மெகாஹெர்ட்ஸ்ல அடிக்குது, இலைய அது இன்னும் நல்லாத் தாண்டும். அதுக்காக மூங்கில் புதருக்குள்ள வச்சு அழுத்தக்கூடாது. ஆத்துப் படுகை, மரம் விழுந்து வெளிச்சம் இறங்குற எடம், இல்ல முகடு, எங்கயாவது வானம் தெரியுற எடத்துக்கு நகந்து போய், ஏரியல் நிமிந்து நிக்கிற மாதிரி வச்சு, தொடாம விட்டுடணும். பயத்துல ஆன் பண்ணி ஆஃப் பண்ணி விளையாடுறது ஆகவே ஆகாது.

பிஎல்பிக்குள்ளயே ஜிபிஎஸ் இருக்கறதா பாத்து வாங்குங்க, இப்ப வர்றது அனேகமா எல்லாத்துலயும் இருக்கு. ஜிபிஎஸ் எடம் கிடைச்சா 100 மீட்டர் வட்டத்துக்குள்ள தேடலாம், இல்லன்னா கிலோமீட்டர் கணக்குல போயிடும், நம்ம காட்டுல ஒரு கிலோமீட்டர்னா என்னன்னு போனவங்களுக்குத் தெரியும். 121.5 மெகாஹெர்ட்ஸ்லயும் ஒரு சின்ன சிக்னல் போகும், அத சாட்டிலைட் கேக்கறத 2009லயே நிறுத்திட்டாங்க, தேடி வர்ற டீம் கையில ரிசீவர் இருந்தா கிட்ட வந்து புடிக்கறதுக்கு உதவும்.

செந்தூல்_கலை:

ரொம்ப நன்றி அண்ணே, தம்பி. அண்ணாச்சி கேட்டத படிச்சிட்டு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் யோசிச்சா உண்மதான், எனக்கு அந்த டிக் மாறணும் அவ்ளோதான்.

இன்னொண்ணு, கிள்ளான்ல படகு சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட பழைய பிஎல்பி இருக்காம், 350 வெள்ளி, "இன்னும் லைட் எரியுது, நல்லாத்தான் இருக்கு"ங்கிறாரு. எடுக்கலாமா? அப்புறம் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஐபோன் 14 இருக்கு, அதுலயே சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்குன்னு சொல்லி இதெல்லாம் வேஸ்ட்டுங்கிறாரு.

பிரிக்பீல்ட்ஸ்_பாஸ்:

ஐபோன் 14 இருந்தா வேற எதுக்கு காசு செலவு பண்ணணும். எல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்தி விக்கிறது லா.

பத்துமலை_ரேடியோ:

பாஸ், போன்ல அந்த வசதி இருக்கறது வேற, நம்ம நாட்டுல அது ஓடுறது வேற. 2022 கடைசில அமெரிக்கா, கனடால ஆரம்பிச்சு ஒவ்வொரு நாடா சேத்துக்கிட்டு வர்றாங்க, ஆப்பிள் போட்டிருக்க நாட்டு லிஸ்ட்ல நான் பாத்த வரைக்கும் மலேசியா இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ட நீங்களே ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்க, உசுரு விஷயத்துல "போன்ல இருக்கு"ன்னு கேள்விப்பட்டத நம்பி போறது ஆகாது.

அக்கா, அந்த 350 வெள்ளி டப்பா வேண்டாம். லைட் எரியுறது ஒரு அர்த்தமும் இல்ல. டப்பா மேலயே பேட்டரி எந்த மாசம் எந்த வருஷம் முடியுதுன்னு அச்சடிச்சிருக்கும், அதப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முடிஞ்சிருந்தா நம்மளா பேட்டரி மாத்த முடியாது, சர்வீஸ் சென்டர்ல திறந்து மாத்தி தண்ணி போகாம டெஸ்ட் பண்ணி மூடணும், அதுக்கு ஆகுற காசுக்கு புதுசே வாங்கிடலாம். ஒரு தடவ நெஜமா அழுத்தியிருந்தாலும் பேட்டரி மாத்தியே ஆகணும். படகுக் கடைன்னு சொல்றதால இன்னொண்ணு, அது பிஎல்பியே இல்லாம கப்பல்ல மாட்டுற ஈபர்பா இருக்கலாம், அது தண்ணி பாட்டில் சைசுல இருக்கும், ஆள் பேர்ல இல்ல கப்பல் பேர்ல பதிவாகும்.

பதிவு பண்றதுதான் எல்லாரும் விட்டுடுற வேலை. ஒவ்வொரு பிஎல்பிக்குள்ளயும் 15 எழுத்துல ஒரு அடையாள எண் இருக்கு, அதுல நாட்டு கோடும் இருக்கும், மலேசியாவோடது 533. நீங்க அமெரிக்காலேர்ந்து வரவழைச்சா அது அமெரிக்கா கோட்ல வரும், அழுத்தினா மொத மொதல்ல அந்த நாட்டுப் பதிவேட்டத்தான் தேடுவாங்க. அதனால வாங்கும்போதே விக்கிறவன்கிட்ட "எந்த நாட்டு கோடு, மாத்திக் குடுப்பியா, எங்க பதிவு பண்ணணும்"னு கேட்டுடுங்க. சொந்தமா பதிவேடு இல்லாத நாடுகளுக்குன்னு ஐபிஆர்டின்னு ஒரு சர்வதேசப் பதிவேடு இருக்கு, காசு கிடையாது. பழசு வாங்கினா பழைய ஓனர் பேர் அப்படியே கிடக்கும், நுவாங்ல உங்க வீட்டுக்காரர் அழுத்தினா போன் எவனோ ஒரு படகுக்காரனுக்குப் போகும், அவன் "என் படகு ஜெட்டிலதான் கட்டியிருக்கு, தப்பு சிக்னல்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிடுவான்.

பட்டர்வொர்த்_டீச்சர்:

நான் மெதுவா ஏறுற ஆள், பொம்பளைங்க குரூப் எங்களுது. சாமான் பத்தி நெறைய சொல்லிட்டீங்க, நான் சாமானுக்கு இந்தப் பக்கம் இருக்க ஆள் பத்தி சொல்றேன், அதாவது கலை உங்களப் பத்தி.

பதிவு பண்ணும்போது அவசரத்துக்கு யார கூப்பிடணும்னு நம்பர் கேப்பாங்க. சிக்னல் வந்ததும் மீட்புக்காரங்க ஹெலிகாப்டர எடுத்துட்டு பறந்துட மாட்டாங்க, மொதல்ல அந்த நம்பருக்குப் போன் போட்டு இவர் நெஜமாவே காட்டுலதான் இருக்காரா, எங்க ஏறினாரு, எத்தன பேரு, மருந்து சாப்பிடுறவரான்னு கேப்பாங்க. இன்ரீச் எஸ்ஓஎஸ் போறது டெக்சஸ்ல இருக்க ஒரு கண்ட்ரோல் ரூமுக்கு, அவங்க அங்கேருந்து நம்ம ஊர் ஆளுங்கள புடிப்பாங்க. அப்ப உங்க போன்ல என்ன வரும்? தெரியாத வெளிநாட்டு நம்பர். போன்ல ஏமாத்துற மக்காவ் ஸ்கேமுக்குப் பயந்து இப்ப யாரு அந்த மாதிரி நம்பர எடுக்கறா? எங்க வீட்டுல அம்மா எடுக்கவே மாட்டாங்க, பிளாக்கும் பண்ணிடுவாங்க! அதனால எங்க குரூப்ல ஒரு ரூல், லிஸ்ட்ல பேரு இருக்கவங்க அந்த நாள் முழுக்க போனை சைலண்ட்ல போடக்கூடாது, எந்த நம்பர் வந்தாலும் எடுக்கணும், ரெண்டாவது நம்பரா இங்கிலீஷ், மலாய் ரெண்டும் தடுமாறாம பேசுற ஒருத்தர் இருக்கணும்.

அதோட ஒரு பேப்பர் எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. எந்த வழியா ஏறுறாங்க, யார் யாரு, காடி நம்பர், கூட்டிட்டுப் போற மாலிம் (மலை வழிகாட்டி) நம்பர், எத்தன மணிக்குள்ள கீழ வரலன்னா நீங்க 999 அடிக்கணும். இந்தக் கடைசி நேரத்த அவரே எழுதிக் கையெழுத்து போடட்டும், அப்பதான் நீங்க போம்பாவுக்கு (தீயணைப்பு மீட்புப் படை) அடிச்சா "ஏன் ஊரைக் கூட்டினே"ன்னு சண்டைக்கு வர மாட்டாரு 😄

பெர்மிட் இல்லாம போறாங்களான்னும் கேட்டுக்கோங்க. காப்புக்காட்டுக்குள்ள பெர்மிட் இல்லாம நுழைஞ்சா 1984 வனச் சட்டத்துல 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. அபராதத்த விடுங்க, பெர்மிட் எடுத்தாதான் இன்னிக்கு இத்தன பேர் உள்ள போயிருக்காங்கன்னு ரேஞ்சர்கிட்ட பேர் இருக்கும், பேரே இல்லாத ஆள எங்கேருந்து தேட ஆரம்பிக்கறது.

ஆயர்ஈத்தாம்_அண்ணாச்சி:

டீச்சர் சொன்னத அப்படியே செய்யுங்க, அந்தப் பேப்பர் ஓசி, சாமான விட முக்கியம்.

நான் இன்னும் ரெண்டு சொல்லிட்டுப் போறேன். சாமான் எதுவா இருந்தாலும் ஒடம்புல இருக்கணும், பேக்குக்குள்ள இருக்கக்கூடாது. நம்ம ஆளுங்க ஆத்த பாத்தா என்ன பண்ணுவாங்க, பேக்க கரைல வீசிட்டு தண்ணில எறங்கிடுவாங்க. மேல மலைல மழை கொட்டியிருக்கும், கீழ வெயில் அடிக்கும், கெப்பாலா ஆயர், அதாவது காட்டாத்து வெள்ளம், திடீர்னு வந்து பேக்க அடிச்சிட்டுப் போயிடும், ஆளு அக்கரைல ஏறி நிப்பாரு, எஸ்ஓஎஸ் பட்டன் எங்கயோ ஆத்துல போகும். மார்பு வார்ல இல்ல இடுப்புல கட்டிக்கணும், குளிக்கும்போது கழுத்துல.

அடுத்தது ஹேண்ட்போன். காட்டுக்குள்ள போனதும் ஏரோப்ளேன் மோட்ல போடச் சொல்லுங்க, லைன் தேடித் தேடியே பேட்டரி செத்துடும். மேப்ப வீட்டுலயே இறக்கி வச்சுக்கிட்டா ஜிபிஎஸ் லைன் இல்லாமயும் ஓடும். ஏதாவது ஆச்சுன்னா முகட்டுக்கு ஏறி ஆன் பண்ணிப் பாக்கணும், தன்னோட கம்பெனி லைன் இல்லன்னாலும் வேற கம்பெனி டவர் கொஞ்சம் எட்டினா 999, 112 ரெண்டும் போகும். நுவாங்ல அந்த முடிவே இல்லாத மண் ரோடு நெடுக கூட அங்கங்க லைன் வந்து வந்து போகும், அதனால லைன் இல்லன்னு ஒரேயடியா முடிவு கட்டிடக்கூடாது.

எனக்குத் தோணுறது இதான். நுவாங் மாதிரி பகல்ல ஏறி பகல்ல இறங்குறதுக்கு, கூட்டமும் இருக்கும், அந்தப் பேப்பர், விசில், ஹெட்லைட், பவர் பேங்க், இது போதும், 800 வெள்ளிய அவசரப்பட்டு எடுக்காதீங்க. தஹானுக்குதான் சாமான் வேணும். அங்க மாலிம் இல்லாம விட மாட்டாங்க, அந்த மாலிம்கிட்டயோ ஏற்பாடு பண்றவங்ககிட்டயோ சாட்டிலைட் சாமான் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. இல்லன்னா கேங்குல எத்தன பேரோ அத்தன பேரும் காசு போட்டு ஒரே ஒரு இன்ரீச் வாங்கலாம், உங்க டிக்கும் மாறும், மத்த வீட்டுக்காரிங்க டிக்கும் மாறும். 2,000 வெள்ளி சாமான் ஆளுக்கு ஆள் வேணும்னு யாரு சொன்னா.

செந்தூல்_கலை:

அண்ணே இது நல்ல யோசனை. இப்பதான் அவர் கேங் வீட்டுக்காரிங்க குரூப்ல போட்டேன், ஆறு பேரு, பிரிச்சா ஆளுக்கு 350 கிட்ட வருது, பிளான் காசும் பிரிச்சுக்கலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆம்பளைங்களுக்கு இன்னும் சொல்லல. பேப்பரும் அடிச்சிட்டேன் டீச்சர், பிரிட்ஜ்ல ஒட்டியாச்சு, கையெழுத்து மட்டும் பாக்கி. ஒரே சாமான்னா யார் கையில இருக்கணும், மாலிம்கிட்டயா?

பத்துமலை_ரேடியோ:

மாலிம் தடுக்கி விழுந்தா? எல்லாருக்கும் அழுத்தத் தெரியணும்கா. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஏதாவது பார்க்ல வச்சு ஆறு பேரும் ஆளுக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் உங்க போனுக்கு அனுப்பட்டும், எஸ்ஓஎஸ் மூடிய மட்டும் தொடாம. அப்பதான் பிளான் ஆக்டிவ்வா இருக்கான்னும் தெரியும், நெறைய பேரு சாமான வாங்கிட்டு பிளான் போட மறந்துடுவாங்க.

ஆயர்ஈத்தாம்_அண்ணாச்சி:

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் முன்னாடி ஓடுற ஆளா, பின்னாடி வர்ற ஆளா?

செந்தூல்_கலை:

முன்னாடிதான் அண்ணே, கூட வர்றவங்க திட்டுவாங்களாம்.

ஆயர்ஈத்தாம்_அண்ணாச்சி:

அப்ப அவர் கையில குடுக்காதீங்க. விழுறது, காலு பிசகுறது, வழி மாறுறது எல்லாம் முக்கால்வாசி பின்னால வர்றவங்களுக்குதான், முன்னால போனவர் அரை மணி நேரம் தாண்டி மேல டீ போட்டுக்கிட்டு இருப்பாரு. கடைசியா வர்ற நிதானமான ஆள்கிட்ட கட்டி விடுங்க.